அச்சுக்கல் நின்ற விதம்

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ புதுச்சேரியின் பழைய வீதிகளிலோ நூறு வயது தாண்டிய வீட்டுக்குள் நுழைபவர்கள் முதலில் தூண்களைப் பார்ப்பார்கள். அடுத்து வாசற்கதவின் மரவேலையை. தரையைத் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்குக் கழுத்து மேலேதான் திரும்பும். அந்த வீடுகளில் மிக நுட்பமான வேலை கூரையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசை பிடித்த தேக்குக் கட்டைகள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த வெள்ளைப் பட்டை. பூச்சு மெலிந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் பட்டைக்குள் சாய்வாக ஓடும் நெருக்கமான கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு செங்கல். வளைவு இல்லை, இரும்புக் கம்பி இல்லை. தட்டையான மச்சில், தலைக்கு மேல், ஆயிரக்கணக்கான சின்னக் கற்கள் நின்றுகொண்டிருக்கின்றன.

இதுதான் மெட்ராஸ் டெரஸ். கான்கிரீட் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து மாடி வீடுகள், அரசு அலுவலகங்கள், பள்ளிகள் எல்லாம் பெரும்பாலும் இதைத்தான் தலையில் தாங்கின. ஊர்ப்பெயர் வெறும் வழக்காக நின்றுவிடவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இந்தக் கூரைக்கென்றே ஐ.எஸ். 2119 என்ற விதித்தொகுப்பை வைத்திருக்கிறது. அதன் தலைப்பிலேயே ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று இருக்கிறது.

மரம், செங்கல், சுண்ணாம்பு, மணல், ஓடு. இதில் அரிய பொருள் என்று சொல்லத் தேக்கைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சாதாரணப் பொருள்களை வைத்த வரிசையிலும் கோணத்திலும் இருக்கும் யோசனையைப் பார்க்கப் பார்க்க அலுப்பதில்லை. எந்தப் பொருளின் மேலும் அதன் சக்திக்கு மீறிய பாரத்தை ஏற்றவில்லை. மரம் வளைவைத் தாங்கும், அதற்கு அந்த வேலை. செங்கல் நெரிபடுவதைத் தாங்கும், அதற்கு அது. சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் அது.

கல்லிலிருந்து தொடங்குகிறேன். சுவர் கட்டும் செங்கல்லை எல்லோரும் தூக்கிப் பார்த்திருப்போம்: ஒன்பது அங்குல நீளம், நாலரை அகலம், மூன்று உயரம், எடை மூன்று கிலோ பக்கம். டெரஸுக்கு அது ஆகாது. அதற்கென்று அறுத்துச் சுட்ட கல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரே அங்குலக் கனம். அச்சுக்கல் என்பார்கள், டெரஸ் கல் என்றும் சொல்வதுண்டு. எடை அரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனிவரை வரும். கனம் குறைவு என்பதால் சூளையில் நெருப்பு நடுவரைக்கும் ஏறி வேகும். நன்றாக வெந்த இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். அரைவேக்காட்டுக் கல் தொப்பென்று சொல்லும், அதை ஒதுக்கிவிடுவார்கள்.

இந்த மெல்லிய கல்லைப் பரப்பி வைத்தால் ஓட்டுக்குத்தான் சமம். ஆனால் டெரஸில் கல் படுப்பதில்லை. மூன்றங்குலப் பக்கம் செங்குத்தாக வரும்படி விளிம்பில் நிற்கிறது. மேலிருந்து வரும் பாரத்துக்கு அது கொடுக்கும் ஆழம் ஒரு அங்குலம் அல்ல, மூன்று. கீழே கட்டையைப் பாருங்கள்: அதுவும் அப்படித்தான். அகலம் மூன்று அங்குலம் என்றால் உயரம் ஐந்தோ ஆறோ. தச்சர் மரத்தை நிறுத்திய அதே காரணத்துக்காகக் கொத்தனார் கல்லை நிறுத்தியிருக்கிறார். ஒரு பலகையைப் படுக்கப்போட்டு மிதித்தால் வளையும், குத்துவாக்கில் நிறுத்தினால் வளையாது என்ற அறிவு இரண்டு கைகளுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

அடுத்தது கோணம். கற்கள் கட்டைக்கு இணையாகவும் ஓடவில்லை, நேர்குறுக்காகவும் ஓடவில்லை. நாற்பத்தைந்து பாகை சாய்ந்து ஓடுகின்றன. இந்தச் சாய்வுதான் இந்தக் கூரையின் உயிர் என்று நினைக்கிறேன். கட்டைக்கு இணையாக வரிசை பிடித்திருந்தால் இரண்டு கட்டைக்கும் நடுமத்தியில் சாந்து இணைப்பு ஒரே நேர்க்கோடாக விழும், பாரம் ஏறினால் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். சாய்த்து வைத்தால் விரிசல் ஓடுவதற்கு அப்படியொரு நேர்ப்பாதை கிடைக்காது. கல்லை வெட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. இன்னொரு லாபம், வேலை தொடங்கும் இடம். அறையின் மூலையில், சுவரும் கட்டையும் சேரும் முக்கில், முதல் வரிசைக்கு ஒரே கல் போதும். அடுத்தது ஒன்றரை, அதற்கடுத்தது இரண்டு. வரிசை வளர்ந்து வளர்ந்து எதிர்க்கட்டையைத் தொடும்போது பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு முழு முக்கோணம் இறுகி நிற்கிறது. கட்டைகளுக்கு நடுவே ஒன்றேகால் அடி இடைவெளி என்றால் சாய்வுக்கணக்கில் ஒன்றேமுக்கால் அடி வரும். மூன்று, மூன்றரைக் கல்லில் கடந்துவிடலாம்.

ஆகவே அடியில் பலகை அடிக்க வேண்டியதில்லை, முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. இன்றைக்கு ஒரு சிறு அறைக்குக் கான்கிரீட் போட வேண்டுமென்றாலும் ‘சென்ட்ரிங்’ என்று பலகையும் சவுக்குக் கம்பும் ஒரு வண்டி வந்து இறங்குகிறது. இங்கே அந்தரத்தில் நீட்டி நிற்கும் கல்லை எது பிடித்திருக்கிறது? அதன் கன்னத்தில் பூசிய சாந்து. ஆறுக்கு மூன்று, பதினெட்டுச் சதுர அங்குலப் பரப்பில் சாந்து பிடிக்கிறது. தூக்க வேண்டியதோ அரைக் கிலோ. கல்லை ஒரே அங்குலக் கனத்துக்கு ஏன் இளைக்க வைத்தார்கள் என்பது இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

புதுச்சேரியில் ஒரு வீட்டின் மச்சைப் பிரித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவனை, “மேலே ஏறி வாங்க சார், அங்கேருந்து பாத்தா பாதிதான் தெரியும்” என்று வயதான கொத்தனார் ஒருவர் கூப்பிட்டார். கட்டைகளின் குறுக்கே ஒரு பலகை போட்டு அதில் குந்தியிருந்தார். தண்ணீர்த் தொட்டியில் ஊறிய கற்களை எடுத்து, மேல் ஈரம் வடியட்டும் என்று சித்தாள் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். கொத்தனார் ஒரு கல்லை இடது கையில் எடுப்பார், கரண்டியால் ஒரு முகம் முழுக்கச் சாந்தை இழுப்பார், முந்தைய வரிசையின் மேல் வைத்து லேசாக அசைத்து அழுத்துவார். ஓரங்களில் சாந்து பிதுங்கும். கை சில நொடி அங்கேயே இருக்கும். எடுத்தால் கல் நிற்கும். “கல்லு சாந்தைக் குடிக்கணும், ஆனா தாகமாக் குடிக்கக் கூடாது” என்றார். காய்ந்த கல்லை வைத்தால் சாந்தின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிச் சாந்து பொடியாகிவிடும். சொட்டச் சொட்ட வைத்தால் உறிஞ்ச இடமில்லாமல் வழுக்கி விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஈரம் இருக்கிறது. அதைக் கருவி வைத்து அளந்து நான் பார்க்கவில்லை. அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சாந்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடலோர ஊர்களில் சுண்ணாம்புக்கு மலையைத் தேடிப் போகவில்லை. கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் கரியோடு அடுக்கிச் சுட்டார்கள். தொள்ளாயிரம் பாகை செல்சியஸ் வாக்கில் வெப்பம் ஏறும்போது கிளிஞ்சலிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. ஓட்டின் வடிவம் அப்படியே இருக்க, எடை மட்டும் குறைந்து, தொட்டால் நொறுங்கும் வெள்ளைச் சில்லுகள் மிஞ்சுகின்றன. அதில் தண்ணீர் விட்டால் சீறிக் கொதிக்கும், ஆவி பறக்கும், மாவாகப் பூக்கும். இதுதான் நீற்றுதல். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியிலேயே நாள்கணக்கில் கிடக்கவிட்டால் கெட்டித் தயிர் பதத்துக்கு வரும். எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவுக்கு வழவழப்பு கூடும், நீறாத குறுமணி ஒன்றுகூட மிச்சமிருக்காது. அப்படி மிஞ்சிய மணிதான் பூசிய பிறகு சுவருக்குள் நீறி, வெடித்து, குழி விழ வைக்கிறது.

பிறகு அது மணலோடும் சுருக்கித் தூளோடும் சேர்கிறது. சுருக்கி என்றால் இடித்த செங்கல். வெறும் சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாக முடியும். சுவரின் உட்புறத்தில், கனமான தளத்தின் நடுவில், காற்று எளிதில் போகாத இடத்தில் அதற்கு நெடுநாள் பிடிக்கும். சுட்ட களிமண் தூள் சேர்ந்தால் கதை மாறுகிறது. தூளில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு ஈரத்திலேயே வினைபுரிந்து இறுகுகின்றன. காளவாய்க்காரர்களும் கொத்தனார்களும் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சூளையில் உடைந்து போன கல்லை வீசாமல் இடித்துப் போட்டால் மழைக்குத் தளம் நிற்கிறது என்பதைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஒரே கூரையில் செங்கல் முழுக்கல்லாகவும், உடைத்த ஜல்லியாகவும், தூளாகவும், தட்டையான ஓடாகவும் நான்கு உருவத்தில் வேலை செய்கிறது. ஒரே மண், ஒரே நெருப்பு. இந்தச் சிக்கனத்தை எண்ணி நான் வியக்காத நாள் இல்லை.

கலவையில் ஊற்றும் தண்ணீருக்கும் ஒரு பக்குவம் உண்டு. இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுச் சில நாள் ஊறப் புளிக்க விடுவார்கள். பழுப்பு நிறத்தில், துவர்ப்பும் இனிப்பும் கலந்த வாடையோடு அது தயாராகும். கடுக்காயின் துவர்ச்சத்தும் வெல்லத்தின் சர்க்கரையும் சாந்தைக் குழைவாக்குகின்றன, சீக்கிரம் காய்ந்துபோகாமல் பிடித்து வைக்கின்றன. கலவை அவசரப்படாமல் உள்ளுக்குள் இறுக நேரம் கிடைக்கிறது. மாட்டைப் பூட்டி வட்டக்குழியில் கல்சக்கரத்தை உருட்டி அரைத்த சாந்தில் மணிக்கு மணி சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். மண்வெட்டியால் புரட்டிய கலவையில் அந்தச் சீர் வருவதில்லை. இரண்டையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தாலே தெரியும்.

கல்வரிசை முடிந்து இறுகியதும் அதன் மேல் செங்கல் ஜல்லித் தளம். மூன்று பங்கு ஜல்லி, ஒரு பங்கு மணலும் பருமணலும், அளவில் பாதிக்குச் சுண்ணாம்புச் சாந்து என்பது புத்தகங்களில் வரும் கணக்கு. நாலு அங்குலக் கனத்துக்குக் கொட்டிப் பரப்புவார்கள். அடுத்து நடப்பதுதான் இந்த வேலையின் நெஞ்சு: அடி. மரக்கட்டைகளை வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தளத்தைத் தட்டிக்கொண்டே பின்னுக்கு நகர்வார்கள். மூன்று நாள் இப்படித் தட்டுவார்கள். சுண்ணாம்பு இடிக்கும் பாட்டுகள் நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கின்றன. பத்துக் கைகள் ஒரே தாளத்தில் விழ வேண்டிய வேலைக்குப் பாட்டு இல்லாமல் முடியாது. முதல் நாள் கட்டை விழுந்தால் பள்ளம் விழும். அடுத்த நாள் தழும்பு மட்டும். மூன்றாம் நாள் சாந்தின் பால் மேலே ஊறி வந்திருக்கும், கட்டை துள்ளித் திரும்பும், ஓசை மாறியிருக்கும். நாலு அங்குலம் மூன்றாகியிருக்கும். காணாமல் போன அந்த ஒரு அங்குலம் முழுக்கக் காற்று. அதை வெளியேற்றத்தான் மூன்று நாள் கூலி. இந்த ஒரு அங்குலத்தில் கஞ்சத்தனம் பார்த்த மச்சுகள்தான் ஒழுகின. நன்றாக அடித்த மச்சு ஒழுகாது.

தட்டும்போதே தளத்துக்கு வாட்டம் கொடுத்துவிடுவார்கள். மழைத்தண்ணீர் தூம்பைப் பார்த்து ஓட வேண்டும். மேலே இரண்டு மூன்று அடுக்குத் தட்டோடு, ஒன்றின் இணைப்பு இன்னொன்றின் நடுவில் வரும்படி. அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு. எல்லாம் சேர்த்து எட்டு அங்குலம் பக்கம் வரும்.

இப்படி முடிந்த கூரையின் நடத்தையைப் பாருங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடி சுடத்தான் செய்யும். ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் கான்கிரீட்டைவிட மெதுவாகவே சூட்டைக் கடத்துபவை. கீழே அறைக்குச் சூடு இறங்கி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், கடற்காற்றும் வந்துவிடும். ஐப்பசி மழையில் தேக்கு மயிரிழை உப்பும், பங்குனியில் சுருங்கும். மேலே இருக்கும் சுண்ணாம்பு அந்த அசைவோடு போய்வரும். மெல்லிய விரிசல் விட்டால் அதில் இறங்கும் மழைநீர் தளத்தின் மிச்சச் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவந்து விரிசலின் ஓரங்களில் படிய வைக்கும், காற்றுப் பட்டு அது மறுபடி கல்லாகும். நகம் நுழையும் அளவு விரிசலுக்கு இது உதவாது, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் கீற்றுகளை இப்படித்தான் பழைய மச்சுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கட்டுமானப் பொருள் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது என்பது எவ்வளவு பெரிய கொடை.

பலவீனம் இல்லாமல் இல்லை. கட்டையின் நடுப்பகுதி நூறு வருஷம் போனாலும் செதுக்கினால் எண்ணெய் வாடை வரும் தேக்காகவே இருக்கும். மோல்மெய்னிலிருந்து கப்பலேறி வந்த பர்மாத் தேக்கின் வைரத்தில் கரையான் பல் எளிதில் இறங்காது. கேடு வருவது சுவருக்குள் புதைந்த முனைக்கு. ஈரச் சுவரில் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் முனை உளுக்கும். அதனால்தான் கருத்துள்ள கொத்தனார்கள் முனையைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் விட்டுக் கட்டினார்கள். தேக்கு நீளம் ஒரு எல்லைக்கு மேல் கிடைக்காது என்பதால் அறைகளின் அகலமும் பத்துப் பன்னிரண்டு அடியில் நின்றது. பெரிய கூடம் வேண்டுமென்றால் கீழே கனத்த உத்திரம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த இடத்துக்கு இரும்பு கர்டரும் சில இடங்களில் பழைய தண்டவாளமும் வந்தன. பழைய நீண்ட வீடுகளின் அறை அளவைத் தீர்மானித்தது ஒரு மரத்தின் நீளம்.

உண்மையான எதிரி பிறகு வந்தது. இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று 1904இல் சென்னையில்தான் நடந்தது, அதுவும் கடற்கிளிஞ்சலை வைத்து. சுண்ணாம்புக்கு மூலப்பொருளாக இருந்த அதே கிளிஞ்சல். சிமென்டின் வேகத்தையும் வலுவையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பல மாடிக் குடியிருப்புகளைச் சுண்ணாம்பில் கட்டிவிட முடியாது. ஆனால் ஒழுகுகிறது என்று மெட்ராஸ் டெரஸ் மேல் ஒரு அங்குலம் சிமென்ட் பூசுகிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சுண்ணாம்புத் தளம் நனைந்தால் வெயிலில் ஈரத்தை விட்டுவிடும். சிமென்ட் மூடி போட்டபின் ஈரத்துக்கு மேலே வழியில்லை, கீழே கட்டைக்குத்தான் இறங்கும். மரம் அசைய, அசையாத சிமென்ட் வெடிக்கும், வெடிப்பில் இன்னும் தண்ணீர் இறங்கும். ஐந்தாறு மழைக்காலத்தில் கட்டை உளுத்து, ‘பழைய வீடு, இடித்துவிடலாம்’ என்று முடிவாகும். தவறு வீட்டின் வயதில் இல்லை.

சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேப்பாக்கத்தில் சாட்சி இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபின் அரண்மனையாக இருந்த கட்டடத்தின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இற்று விழுந்தது. எரிந்த சுவர்களைத் தரைமட்டமாக்கிவிட்டுப் புதுக்கட்டடம் எழுப்புவது எளிது. பொதுப்பணித் துறை அதைச் செய்யாமல், சுண்ணாம்புச் சாந்தையும் தேக்கையும் பழைய முறையையும் திரும்பக் கொண்டுவந்து பல ஆண்டு உழைத்து அதை மீட்டது. பிறகு பக்கத்து ஹுமாயூன் மஹாலிலும் மீட்பு வேலை நடந்தது. வாலாஜா சாலைப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வீட்டளவில் பழுது பார்ப்பதும் சாத்தியம்தான். ஒரு கட்டை உளுத்துவிட்டால் மச்சு முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, கெட்ட கட்டையை மட்டும் உருவி, அதே அளவில் பழைய தேக்கு ஒன்றை நுழைத்து, மேலே உள்ள இடுக்கில் வைரம் பாய்ந்த மர ஆப்பை அடித்து இறுக்கி, சுண்ணாம்பால் அடைக்கிறார்கள். இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் கட்டைகள் மரக்கடைகளில் கிடைக்கின்றன, அளவு சொன்னால் அறுத்தும் தருகிறார்கள். அறுபது எழுபது வருஷம் ஒரு கூரையைச் சுமந்து, காய வேண்டியதெல்லாம் காய்ந்த மரம் அது. புது மரத்தைவிட அதையே நான் நம்புவேன்.

மெட்ராஸ் டெரஸ் முழு உருவில் அரிதாகிவிட்டது. ஆனால் அதன் மேல் பாதி நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. கான்கிரீட் தளம் போட்டு முடித்ததும் கொத்தனார் கேட்பார்: “சுருக்கி போட்டுத் தட்டோடு ஒட்டிரலாமா சார்?” செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, கடுக்காய் வெல்லத் தண்ணீர், மரக்கட்டை அடி, அதன் மேல் சிவப்பு ஓடு என்று அந்தப் பழைய வரிசை அப்படியே கான்கிரீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் அதையும் விட்டுவிட்டு ஒரு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்கள். வீடு கட்டுகிறவர்கள் சம்மதிக்கும் முன், பழைய முறையில் போட்ட தளத்துக்குக் கீழே உள்ள அறையில் ஒரு சித்திரை மதியம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தளம் போடும்போது அடிக்கிற நாள்களைக் குறைக்கச் சொல்லாமல், கூலியைக் கொடுத்து, மூன்று நாளும் அடிக்கச் சொல்ல வேண்டும்.